ஓடாத விளக்குகளின் ஓட்டம்

வைகாசிப் பூரணை நெருங்கும்போது கண்டி மாநகரம் புதுக்கோலம் கொள்ளத் தொடங்கிவிடும். வீடுகளின் முற்றங்களில் மூங்கிற் சிம்பும் வண்ணக் காகிதமும் கொண்டு வெசாக் கூடுகள் கட்டப்படும். நாற்சந்திகளில் தன்சல் பந்தல்கள் எழும். பேராதனை, கட்டுகஸ்தோட்டை, மாத்தளை ஆகிய திசைகளிலிருந்தும் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் மக்கள் குடும்பம் குடும்பமாக நகருக்கு வந்து, ஏரிக்கரையைச் சுற்றி நடந்து ஒளிவிழாவைக் கண்டு களிப்பர். அவர்கள் நெடுநேரம் நின்று பார்ப்பது வெசாக் தோரணத்தையே. நடுவிலிருக்கும் புத்தர் பெருமானின் உருவத்தைச் சூழ்ந்து, ஒளிக்கதிர்கள் விரிவதும், குவிவதும், வளைந்து சுழல்வதும், நீர்வீழ்ச்சிபோல் இறங்குவதுமாகத் தோன்றும் காட்சி பார்ப்பவரின் கண்ணைப் பிணித்து நிறுத்திவிடுகின்றது.

அந்தக் காட்சியை உற்றுநோக்கினால் ஒரு விந்தை புலப்படும். தோரணத்தில் உள்ள எந்த விளக்கும் தன் இடத்தைவிட்டு ஓர் அங்குலமும் அசைவதில்லை. ஒவ்வொரு மின்குமிழும் தான் பொருத்தப்பட்ட இடத்திலேயே இருந்து, சிறிது நேரம் எரிந்து, சிறிது நேரம் அணைகின்றது. இவ்வளவே அது செய்யும் தொழில். அவ்வாறாயின் ஓடுவது எது? சுழல்வது எது? இந்த வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், கண்ணின் இயல்பு, மின்சாரத்தின் இயல்பு, கட்டளையின் இயல்பு ஆகிய மூன்றையும் ஆராய வேண்டியிருக்கும்.

தோரணம் என்னும் சொல் தமிழருக்குப் புதியதன்று. மாவிலைத் தோரணமும் தென்னங்குருத்துத் தோரணமும் கட்டாத மங்கல நிகழ்ச்சி தமிழர் வீடுகளில் இல்லை. வடமொழியில் வாயில் வளைவைக் குறிக்கும் இச்சொல், தமிழில் வாயிலிற் கட்டும் தொங்கலுக்கும், சிங்களத்தில் வெசாக் பந்தலுக்கும் பெயராயிற்று. மத்திய இந்தியாவில் சாஞ்சியில் உள்ள பெரிய தூபியின் நான்கு வாயில்களும் தோரணங்கள் என்றே வழங்கப்படுகின்றன. கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டைச் சார்ந்த அவ்வாயில்களில் புத்தரின் முற்பிறப்புக் கதைகளாகிய சாதகக் கதைகள் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளன. கண்டியிலும் கொழும்பிலும் எழும் வெசாக் தோரணங்களிலும் சாதகக் கதைகளே படங்களாகத் தீட்டப்படுகின்றன. அங்கே கல்லுளி செய்த பணியை இங்கே தூரிகையும் மின்குமிழும் செய்கின்றன. இலங்கையில் வெசாக் தினம் அரசாங்க விடுமுறை நாளாக ஏற்கப்பட்டது 1885 ஆம் ஆண்டிலாகும். அதன்பின் வளர்ந்த பொதுவிழாவில், மின்சாரம் பரவப் பரவ, ஒளித் தோரணங்களும் பெருகலாயின.

முதலிலே கண்ணின் இயல்பைக் காண்போம். இருட்டில் சற்று இடைவெளிவிட்டு இரண்டு விளக்குகளை வைத்து, ஒன்றை ஏற்றி அணைத்தவுடன் மற்றதை ஏற்றினால், பார்ப்பவருக்கு இரண்டு விளக்குகள் தோன்றுவதில்லை. ஒரே ஒளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவியதாகவே தோன்றும். ஜெர்மானிய உளவியலறிஞர் மாக்ஸ் வெர்தைமர் 1912 ஆம் ஆண்டில் இத்தோற்றத்தை ஆராய்ந்து வெளியிட்டார். இடைவேளை மிக நீண்டால் இரண்டு தனி விளக்குகள் தெரியும். மிகக் குறுகினால் இரண்டும் ஒருங்கே எரிவதாகத் தெரியும். இவ்விரண்டுக்கும் நடுவே அமைந்த ஓர் அளவான இடைவேளையிலேதான் இயக்கம் பிறக்கின்றது. ஆகவே, ஓட்டம் விளக்கில் இல்லை. காலத்தின் ஒழுங்கை வாங்கிக்கொள்ளும் மனத்திலேதான் அது நிகழ்கின்றது.

இக்கால ஒழுங்கைப் பழைய தோரணக் கலைஞர்கள் எவ்வாறு அமைத்தார்கள்? தோரணத்தின் பின்புறத்தே, பொதுமக்களின் கண்ணுக்குப் படாத இடத்தில், மரத்தாலான ஓர் உருளை கிடையாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு சிறிய மோட்டார் அதனை மெல்லச் சுழற்றும். உருளையின் மேற்பரப்பிலே செப்புத் தகடோ பித்தளைத் தகடோ துண்டு துண்டாக வெட்டி ஆணியடித்து வைக்கப்பட்டிருக்கும். தகட்டின்மேல் வரிசையாக உலோக நாக்குகள் உராய்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு நாக்கும் ஒரு தொகுதி மின்குமிழ்களுக்குரியது. உருளை சுழலும்போது நாக்கின் கீழ்த் தகடு வந்தால் மின்சுற்றுப் பூர்த்தியாகி அத்தொகுதி எரியும். வெறும் மரம் வந்தால் சுற்று அறுபட்டு அத்தொகுதி அணையும். தகடு நீண்டிருந்தால் நெடுநேரம் எரியும். குறுகியிருந்தால் மின்னி மறையும். அடுத்தடுத்த நாக்குகளுக்குரிய தகடுகளைப் படிக்கட்டுப்போல் ஒன்றையடுத்து ஒன்றாகத் தள்ளி அடித்தால் ஒளி ஓடும். படியைத் திருப்பி அடித்தால் ஒளி எதிர்ப்புறம் ஓடும்.

இது சாதாரணக் கைவேலையன்று. உருளையைச் செய்பவர் தகட்டை வெட்டும்போதே, இரவில் எரியப்போகும் ஒளிக்கோலத்தை மனக்கண்ணாற் கண்டுவிட வேண்டும். அவர் தகட்டில் எழுதுவது ஒரு கட்டளைத் தொகுதி. அதனை மோட்டார் ஒரு வரியும் விடாமல் வாசித்துக்கொண்டே செல்கிறது. உருளை ஒரு சுற்று முடிந்ததும் முதல் வரிக்கே மீண்டும் வருகிறது. இவ்வகையிற் பார்த்தால், தோரணத்தின் உருளைக்கு உலக வரலாற்றிலே மதிப்புள்ள உறவினர் பலர் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த பானூ மூசா சகோதரர்கள், முளைகள் பதித்த உருளையைக் கொண்டு தானாகவே இசைக்கும் புல்லாங்குழற் பொறியை விவரித்து எழுதினர். 1804 இல் பிரான்சு நாட்டு ஜக்கார்ட், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் பூவேலை நெய்யும் முறையை அமைத்தார். 1928 இல் நியூயோர்க் நகரின் டைம்ஸ் கட்டடத்தைச் சுற்றிச் செய்தி எழுத்துகள் ஓடத் தொடங்கின. அந்த ஓட்டத்தை உண்டாக்கிய மின்குமிழ்கள் 14,800 ஆகும். இவை யாவும் ஒரே கருத்தின் வெவ்வேறு உருவங்களே: வேலையின் வரிசையை முன்கூட்டியே ஒரு பொருளில் பதித்துவைத்து, பொறி அதை வாசிக்குமாறு செய்தல்.

எனினும் உருளைக்குச் சில குறைகள் உண்டு. கோலத்தை மாற்ற வேண்டுமாயின் தகடுகளைப் பெயர்த்து வேறு தகடுகள் அடிக்க வேண்டும். நாக்கு தகட்டைவிட்டு நீங்கும் ஒவ்வொரு முறையும் தீப்பொறி பறக்கும். அதனால் உலோகம் கருகித் தேயும். எல்லாவற்றினும் பெரிய குறை, 230 வோல்ற்று மின்சாரம் திறந்த தகடுகளின்மேல் ஓடுவதாகும். மழைத்துளி விழும் இரவில் அவ்வுருளையின் அருகே நிற்பவரின் உயிர் அவருடைய கவனம் ஒன்றையே நம்பியிருக்கும்.

இவ்வுருளையின் இடத்தைத்தான் இன்று நுண்கட்டுப்படுத்தி என்னும் சிறு பொருள் பிடித்துக்கொண்டுள்ளது. ஒரு கணினிக்கு வேண்டிய உறுப்புகளாகிய கணிக்கும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு தொடர்புகொள்ளும் வாயில்கள் ஆகியவற்றை ஒரே சிலிக்கன் சில்லில் அடக்கியதே நுண்கட்டுப்படுத்தி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் நிறுவனம் 1974 இல் இவ்வகைச் சில்லொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்டெல் நிறுவனத்தின் 8051 என்னும் சில்லு 1980 இல் வந்து உலகெங்கும் பரவிற்று. 2005 இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மின்னணுவியல் கல்லாத மாணவரும் கையாளத்தக்கதாக ஆர்டுயினோ என்னும் பலகை உருவாயிற்று. அதன் ஊனோ வகையில் உள்ள சில்லு, 28 கால்கள் கொண்டதாய், விரல் நீளத்துக்கும் குறைந்ததாய் இருக்கும். அதன் துடிப்பு நொடிக்கு 1 கோடியே 60 இலட்சம். செய்நிரலை எழுதிவைக்க அதற்குள் 32 கிலோபைற்று இடம் உண்டு.

இவ்விடம் எவ்வளவு பெரிது என்பதைத் தோரண உருளையை அளவுகோலாகக் கொண்டு கணக்கிடலாம். எட்டு நாக்குகள் கொண்ட ஓர் உருளையின் சுற்றளவை 32 கூறுகளாகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு கூற்றிலும் ஒவ்வொரு நாக்கின் கீழும் தகடு உண்டா இல்லையா என்பதே எழுதவேண்டிய செய்தி. உண்டெனில் 1, இல்லையெனில் 0. எட்டு நாக்குகளுக்கு எட்டு இலக்கங்கள் சேர்ந்து ஒரு பைற்று ஆகும். 32 கூறுகளுக்கு 32 பைற்றுகள். உருளை முழுவதும் 32 பைற்றுகளில் அடங்கிவிடுகின்றது! அந்தச் சில்லின் நினைவகத்திலோ 32,768 பைற்றுகளுக்கு இடமுண்டு. ஆயிரம் உருளைகளை ஒரு விரல் நுனியில் வைத்துக்கொள்ளலாம் என்பது மிகையுரையன்று, கணக்கேயாகும்.

இதனைப் பாடசாலை மாணவர் கற்பதற்குத் தோரணத்தைவிடச் சிறிய ஒரு பொருள் ஏற்றது. வெசாக் காலத்தை ஒட்டியும் வேறு விடுமுறைக் காலங்களிலும் திடல்களில் நடைபெறும் களியாட்ட விழாக்களில் இராட்சத இராட்டினத்தைக் காணாத பிள்ளைகள் அரியர். ஜோர்ஜ் பெரிஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1893 இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் நிறுவிய முதற்பெரும் இராட்டினம் 264 அடி உயரமும் 36 கூண்டுகளும் கொண்டது. அதன் சிறிய மாதிரியொன்றை அட்டையாலும் ஈர்க்காலும் மாணவர் எளிதிற் செய்துகொள்வர். வட்டத்தின் விளிம்பில் எட்டு ஒளிகாலும் இருவாயிகளைப் பொருத்தினால், கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் முழுவதும் அந்த எட்டு விளக்குகளிலேயே அடங்கியிருக்கும்.

முதற்பாடம் அளவு அறிதல். சில்லின் கால் 5 வோல்ற்றுத் தரும். சிவப்பு இருவாயி ஏறத்தாழ 2 வோல்ற்றை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 3 வோல்ற்றையும் தாங்குவதற்கு ஒரு தடை வேண்டும். 220 ஓம் தடையை இணைத்தால் ஏறத்தாழ 14 மில்லியம்பியர் மின்னோட்டம் செல்லும். விளக்குக்கும் சில்லுக்கும் அது பொருந்திய அளவு. தடையின்றி இணைத்தால் விளக்கு ஒருகணம் பேரொளி வீசிக் கெட்டுவிடலாம். சில்லின் காலும் பழுதாகலாம். ஓமின் விதியைச் சோதனைக்காக மனனம் செய்த மாணவன், அவ்விதி ஒரு விளக்கைக் காப்பாற்றுவதை இங்கே கண்ணாற் காண்கிறான்.

இரண்டாம் பாடம் வரிசை அறிதல். முதல் விளக்கை ஏற்று, பத்தில் ஒரு நொடி பொறு, அதனை அணை, அடுத்த விளக்கை ஏற்று. எட்டாவது விளக்கு முடிந்ததும் முதல் விளக்குக்குத் திரும்பு. இவ்வளவுதான் கட்டளை. ஒளி 0.8 நொடியில் ஒரு சுற்று வந்துவிடும். பொறுக்கும் நேரத்தை முதலில் நீட்டிவைத்து ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது சிறிதாகக் குறைத்தால், இராட்டினம் மெல்லப் புறப்பட்டு விரைவெடுப்பதுபோல் ஒளியும் விரைவெடுக்கும். சக்கரமும் உண்மையாகவே சுழலுமாயின் வேறொரு வேடிக்கையைக் காணலாம். சக்கரம் வலமாகச் சுழலும் அதே வேகத்தில் ஒளியை விளிம்பில் இடமாக ஓடவிட்டால், சக்கரம் சுழல, ஒளி மட்டும் ஏறக்குறைய ஓரிடத்திலேயே நிற்கும்! சார்பு இயக்கம் என்று பௌதிக நூல் கூறுவதை விளக்க இதனினும் எளிய கருவி வேண்டுவதில்லை.

சுழலும் சக்கரத்தின் மேலுள்ள விளக்குகளுக்கு மின்சாரத்தை எவ்வாறு கொண்டுசெல்வது? கம்பியை நேரே இணைத்தால் அது அச்சைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். அச்சில் பித்தளை வளையங்களைப் பதித்து, அவற்றின்மேல் உலோக நாக்குகளை உராயவிடுவது ஒரு வழி. பழைய தோரண உருளையின் நாக்கு இங்கே வேறு வேடத்தில் மீண்டும் வருகின்றது. சிறிய மின்கலத்தையும் சில்லையும் சக்கரத்தின் மேலேயே ஏற்றிவிடுவது மற்றொரு வழி. இரண்டில் எது நல்லது என்று மாணவர் தமக்குள் வாதாடிச் செய்துபார்க்கும் நேரம் வீண்போன நேரமாகாது.

மூன்றாம் பாடம் காத்திருக்கும் முறையை அறிதல். பொறு என்று கட்டளையிட்டால் சில்லு அந்நேரம் முழுவதும் வேறெதனையும் செய்யாது. இராட்டினத்தை நிறுத்த வைத்த பொத்தானை அந்நேரத்தில் அமுக்கிவிட்டாலும் அது கவனிப்பதில்லை. உலையில் அரிசியை இட்டுவிட்டு, வேகும்வரை பானையையே பார்த்துக்கொண்டு நிற்கும் சமையற்காரன் வாசலில் வந்த விருந்தினரை எவ்வாறு வரவேற்பான்? கைதேர்ந்தவர், இட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு மற்ற வேலைகளைச் செய்வார். இடையிடையே கடிகாரத்தைப் பார்ப்பார். நேரம் வந்ததும் பானையை இறக்குவார். செய்நிரலையும் அவ்வாறே அமைக்கலாம். விளக்கை மாற்றிய நேரத்தைச் சில்லு குறித்துக்கொள்ளட்டும். இடைப்பட்ட நேரத்தில் பொத்தானைப் பார்க்கட்டும். மோட்டாரின் வேகத்தைப் பார்க்கட்டும். குறித்த இடைவெளி கடந்ததும் அடுத்த விளக்குக்குச் செல்லட்டும். இவ்வமைப்பைப் புரிந்துகொண்ட மாணவன் செய்நிரற் கலையின் வாயிற்படியைத் தாண்டிவிட்டான் என்று கூறலாம்.

நான்காம் பாடம் மெருகு. பழைய இழைக்குமிழ் அணையும்போது அதன் சூடு தணியச் சிறிது நேரம் செல்லும். ஆதலின் ஓடும் ஒளிக்குப் பின்னே ஒரு மங்கிய வால் தொடரும். பழைய தோரணங்களின் மென்மை அங்கேதான் இருந்தது. ஒளிகாலும் இருவாயியோ கட்டளை பிறந்தவுடன் எரிந்து, கட்டளை நின்றவுடன் அணைந்துவிடும். ஆகையால் அதன் ஓட்டம் சற்றுக் கடுமையாகத் தோன்றும். இக்குறையை நீக்கவும் வழியுண்டு. விளக்கை நொடிக்குச் சில நூறு முறை ஏற்றி அணைத்து, எரியும் பங்கைப் படிப்படியாகக் குறைத்தால், கண்ணுக்கு அது மெல்ல மங்குவதுபோல் தோன்றும். ஆனால் அந்த மென்மை வேண்டும் என்று உணர்வதற்கு, பழைய தோரணத்தை நின்று பார்த்த கண் ஒன்று வேண்டும். அதனை எந்தச் சில்லும் தரமாட்டாது.

சிறிய மாதிரியிலிருந்து பெரிய தோரணத்துக்குச் செல்லும்போது இரண்டு தடைகள் எதிர்ப்படும். சில்லின் கால்கள் சிலவே. விளக்குத் தொகுதிகளோ மிகப் பல. இதற்கு நகர்வுப் பதிவகம் என்னும் துணைச்சில்லு உதவும். ஒவ்வொன்றும் எட்டுத் தொகுதிகளை ஆளும். அவற்றைச் சங்கிலிபோல் ஒன்றோடொன்று இணைத்தால், மூன்றே கால்களைக் கொண்டு நூற்றுக்கணக்கான தொகுதிகளை நடத்தலாம். இரண்டாவது தடை வலிமை. 5 வோல்ற்றுச் சில்லு 230 வோல்ற்றுக் குமிழை நேரே தொட்டால் சில்லும் மாளும். அதைத் தொட்டவரும் மாளக்கூடும். ஆகவே இடையிலே ஒளியிணைப்பி ஒன்றை வைப்பர். சில்லின் கட்டளை அதற்குள் சிறு ஒளியாக மாறி மறுபுறத்தைச் சென்றடையும். இரு பக்கங்களுக்கும் நடுவே மின்தொடர்பு இராது. மறுபுறத்தில் உள்ள திரயக் என்னும் குறைகடத்தி ஆளி, தீப்பொறியின்றிக் குமிழ்களை ஏற்றி அணைக்கும். இலங்கையின் ஆடலோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் உடையது. எனவே நொடிக்கு 100 முறை அதன் வோல்ற்றளவு பூச்சியத்தைக் கடக்கின்றது. அக்கணம் பார்த்து ஏற்றினால் குமிழ்களுக்கும் ஆயுள் நீளும்.

இங்கே பெற்றோரும் ஆசிரியரும் உறுதியாக மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. சில்லு புதியதாயினும் மின்சாரம் பழைய மின்சாரமே. நெஞ்சினூடாகச் செல்லும் சில பத்து மில்லியம்பியர் மின்னோட்டமே உயிரைப் பறிக்கப் போதுமானது. வெசாக் வருவது மழை பெய்யும் மே மாதத்தில். தோரணச் சட்டம் இரும்பாயின் அது மின்சாரத்தைக் கடத்தும். நனைந்த கமுகும் மூங்கிலும்கூடக் கடத்தும். பாடசாலைப் பிள்ளைகள் 230 வோல்ற்றைத் தொடும் வேலையில் ஈடுபடலாகாது. அவர்களுடைய கூடுகளுக்கும் மாதிரிகளுக்கும் 5 அல்லது 12 வோல்ற்று நேரோட்டமே போதும். ஊரார் கட்டும் பந்தல்களில் அவ்வேலையைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரே செய்யவேண்டும். ட்ரிப் சுவிட்ச் என்று வீடுகளில் வழங்கும் 30 மில்லியம்பியர்ப் பாதுகாப்புக் கருவியும், உருகியும், புவித்தொடுப்பும் இன்றி ஒரு குமிழும் எரியலாகாது. விழா நாளில் ஒரு வீட்டின் விளக்கு அணைந்துபோவதைவிடத் துயரமானது வேறில்லை.

குறைந்த வோல்ற்றளவில் பேரழகு காட்டலாம் என்பதற்குக் கண்டியிலேயே சான்று உண்டு. ஆண்டுதோறும் எசலப் பெரஹராவில், தலதா மாளிகைக்கும், நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களுக்கும் உரிய யானைகள் அணிவகுத்துச் செல்லும்போது, அவற்றின் முகபடாங்களிலும் மேலாடைகளிலும் தைக்கப்பட்ட சிறு விளக்குகள் ஒளிர்கின்றன. அவ்வொளி யானையோடு செல்லும் மின்கலத்திலிருந்தே பிறக்கின்றது. பக்கத்திலே கொப்பரைத் தேங்காய் எரியும் தீவட்டிகளைத் தாங்கியவர்கள் நடக்கின்றனர். பழைய ஒளியும் புதிய ஒளியும் ஒன்றையொன்று பகைக்காமல் ஒரே வீதியிற் செல்வதைக் கண்டி மக்கள் ஆண்டுதோறும் கண்டுவருகின்றனர். மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தின் மாசிமகப் பெருவிழாவில் ஐந்து தேர்கள் வீதிவலம் வருகின்றன. திருவிழாக் காலங்களில் கோயில் வாயில்களில் அமையும் மின்னலங்காரமும் இதே கலையின் கிளையேயாகும். ஒளியை ஓடவிடும் அறிவுக்கு மதவேறுபாடு கிடையாது.

மின்சாரத்தின் விலையையும் சற்று நினைக்கவேண்டும். 15 வாற்று இழைக்குமிழ்கள் ஆயிரம் ஒருங்கே எரிந்தால் 15 கிலோவாற்று. ஐந்து மணி நேரத்தில் 75 அலகுகள். 1 வாற்று ஒளிகாலும் விளக்குகளாயின் 5 அலகுகளே போதும். இம்மின்சாரத்தில் ஒரு பங்கு கண்டி மக்கள் நன்கறிந்த மகாவலி கங்கையிலிருந்து வருவது. 1976 இல் பூர்த்தியான பொல்கொல்லை அணைத் திட்டமும், 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையும் அந்த ஆற்றின்மேலேயே அமைந்தன. ஆறு வற்றினாலோ எரிபொருள் கிட்டாவிட்டாலோ நாடு இருளும் என்பதனை 2022 ஆம் ஆண்டு உணர்த்திவிட்டது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. அந்த இருளில் பாடம் படித்த பிள்ளைகள் ஓர் அலகு மின்சாரத்தின் அருமையை அறிவார்கள். சிக்கனமாக எரியும் விளக்கை அளவறிந்து எரியவிடும் செய்நிரல், அழகுக்கு மட்டுமன்றி வீட்டுக்கும் வயலுக்கும் தொழிற்சாலைக்கும் உதவும் அறிவாகும்.

ஆனால் மற்றொரு இருளும் இருக்கின்றது. அது அறிவு கைமாறாமற் போவதால் வருவது. ஆயத்தமாகச் செய்த ஒளிப்பெட்டிகள் இன்று கடைகளில் விற்பனையாகின்றன. வாங்கிவந்து இணைத்தால் பத்துக் கோலங்கள் தாமாகவே வரும். எந்த ஊர்ப் பந்தலிலும் அதே பத்துக் கோலங்கள்! உருளை செய்த பெரியவர்களுக்கு முதுமை வந்துவிட்டது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோயின் காரணமாக வெசாக் பொது அலங்காரங்கள் நடைபெறாமையால், இளைஞர் அவர்கள் பக்கத்தில் நின்று கற்கும் வாய்ப்பும் இடையறுந்தது. செப்புத்தகட்டை எங்கே வெட்டினால் ஒளி மலர்போல் விரியும், எங்கே வெட்டினால் சக்கரம்போல் சுழலும் என்ற நுட்பம் நூல்களில் எழுதப்படாதது. அது அவர்களுடைய கைகளில் மட்டுமே உள்ளது. மறுபுறத்தே, செய்நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு அந்நுட்பத்தைக் காணும் வாய்ப்புக் கிட்டுவதில்லை. ஒருவரிடம் கோலம் இருக்கின்றது, கருவி இல்லை. மற்றவரிடம் கருவி இருக்கின்றது, கோலம் இல்லை.

இவ்விருவரையும் ஒரு மேசையில் அமர்த்துவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு சதுரக்கோட்டுத் தாள் போதும். பெரியவர் தம் உருளையைக் கையால் மெல்லச் சுழற்றட்டும். மாணவன் ஒவ்வொரு கூற்றிலும் தகடு உள்ள கட்டத்தை நிரப்பட்டும். இல்லாத கட்டத்தை வெறுமையாக விடட்டும். ஒரு சுற்று முடியும்போது உருளையின் கோலம் முழுவதும் தாளில் இறங்கியிருக்கும். நிரப்பிய கட்டத்தை 1 என்றும் வெறுங்கட்டத்தை 0 என்றும் எழுதினால், முன்னர்க் கணக்கிட்ட 32 பைற்றுகள் கிடைத்துவிடும். அவற்றைச் சில்லில் இட்டு எட்டு விளக்குகளை எரியவைத்தால், பெரியவர் பார்த்துவிட்டு, இது சற்று விரைவு என்றோ, இங்கே ஒரு மூச்சு நிறுத்தவேண்டும் என்றோ திருத்துவார். அந்தத் திருத்தமே கலை. மாணவன் அதனை ஓர் எண்ணை மாற்றி உடனே நிறைவேற்றுவான். தாளும் எண்களும் பாடசாலையில் எஞ்சியிருக்கும். பின்வருவோர் எடுத்துப் படிப்பர். 2013 இல் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு தொடங்கியபின், இத்துறையை நாடும் மாணவரின் தொகை பெருகியுள்ளது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் அண்மையிலேயே உள்ளது. மலைநாட்டுப் பாடசாலைகளில் இத்தகைய முயற்சிக்குக் களம் இல்லையென்று கூறவியலாது.

செய்நிரல் மொழியின் சொற்கள் ஆங்கிலமாயிருப்பதால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது கைகூடாது என்று சிலர் தயங்குகின்றனர். தயக்கத்துக்கு இடமில்லை. அச்சொற்களில் தொடக்கத்தில் வேண்டியவை இருபதுக்கு மேற்படா. ஒரு வாரத்தில் அவற்றைக் கற்றுவிடலாம். கடினமானது வேலையின் வரிசையைத் தெளிவாகச் சிந்தித்தல். அதனைத் தாய்மொழியிற் செய்வதே எளிது. முதலில் இதனை ஏற்று, இவ்வளவு நேரம் எரியவிடு, பின்னர் அதனை அணை என்று தமிழிலே ஒழுங்காக எழுதிவைத்த பிள்ளை, அதனைச் சில்லுக்குரிய சொற்களில் மாற்றுவதற்கு அரை மணி நேரம் போதும். தமிழில் தெளியாத கட்டளை வேறெந்த மொழியிலும் தெளியாது. சில்லும் முகங்கோணாத ஆசிரியர். சொன்னதைச் சொன்னபடி செய்யும், நினைத்ததைச் செய்யாது. எட்டாவது விளக்கு எரியவில்லையாயின், சில்லைக் குறைகூறிப் பயனில்லை. ஏழுவரை மட்டும் எண்ணச் சொல்லியிருப்பதைத் தேடிக் கண்டு திருத்தவேண்டும். பொறுமையும் நேர்மையும் அங்கே தாமாகவே பயிற்சியாகின்றன.

அடுத்த வெசாக் பூரணைக்குத் தோரணம் பார்க்கச் செல்லும் நேயர்கள், பிள்ளைகளைத் தோளில் ஏற்றி ஒளிக்கோலத்தைக் காட்டியபின், சிறிது நேரம் பந்தலின் ஓரத்துக்கும் சென்று, உரியவரின் அனுமதி பெற்று, பாதுகாப்பான தூரத்தில் நின்று பின்புறத்தையும் காட்டுவார்களாக. அங்கே உருளை சுழலலாம். அல்லது ஒரு சிறு சில்லு ஓசையின்றித் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். முன்னே காணும் ஓட்டத்தைப் பின்னே ஒருவர் கட்டம் கட்டமாக எண்ணி எழுதினார் என்பதனைப் பிள்ளைகள் அறியட்டும். விளக்குகள் தத்தம் இடத்திலிருந்து, தத்தம் முறை வரும்போது எரிந்தால் போதும். கோலம் தானே பிறக்கும். அந்த முறையை எழுதும் கை நம் பிள்ளைகளின் கையாக இருக்கவேண்டும் என்பதே கண்டியின் பெற்றோரும் ஆசிரியரும் கொள்ளத்தக்க ஆவல்.